இனியாவுக்கான ஜெபக் குறிப்பு

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்காகப் பரிந்துகொண்டு வர வேண்டாம்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். இனியா என்பது அவளுடைய பெயர் இல்லை. அவளே யோசித்துக் கொடுத்தது. மற்றப் பெயர்களையும் ஊர்களையும் மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினைந்து வயது. பத்தாவது படித்தாள். நாங்கள் தத்து எடுக்கவில்லை. விடுதியில் இருக்கும் பிள்ளையை ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்கத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு நினைத்தால் எந்த நாளும் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எனக்கும் அன்புமணிக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். பிள்ளை இல்லை. அவர் அன்னூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லுக்கு வேன் ஓட்டினார். நான் அதே மில்லில் கோன் பேக்கிங், நூல் கண்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை.

ஃபர்சானா மேடம்தான் அவளைக் கொண்டுவந்து விட்டவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். அன்றைக்கே சொன்னார்: "பேரு, போட்டோ, ஊரு, எதுவும் வெளிய போகக் கூடாதுங்க. முக்கியமா அவங்க அப்பா காதுக்கு." நான் தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன்.

அப்பன் பெயர் மாசாணம். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. அம்மா செத்த பிறகு மூன்று வருடம் இனியா அவனோடு தனியாக இருந்தாள். தோசைக் கரண்டியைக் காய்ச்சி அவள் முதுகில் வைத்திருந்தான். ஒரு தடவை இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவன் ஜாமீனில் வெளியே இருந்தான்.

அவள் செருப்போடுதான் தூங்குவாள். உட்கார்ந்தால் முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருவாள். சில நாள் படுக்கையில் மூத்திரம் போய்விடுவாள். நாங்கள் எழுவதற்குள் போர்வையை அலசிக் காயப்போட்டுவிடுவாள். நாங்கள் பார்க்காதமாதிரி இருந்துவிடுவோம். என்னை அம்மா என்றோ அக்கா என்றோ கூப்பிட்டதில்லை. ‘ஏனுங்க’ என்பாள். அது போதும் என்று இருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் யாரோ இரும்பு ஸ்கேலை மேசையில் ஓங்கி அடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான்கு நாள் அவள் பேசவில்லை. சோறு இறங்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

எங்களுடையது சின்ன சபை. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், நாற்பது குடும்பம். பெண்களுக்கு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஜெபக் குறிப்பு அனுப்ப வாட்ஸப் குரூப் உண்டு. முதலில் ‘ஒரு பிள்ளைக்காக ஜெபியுங்கள்’ என்று மட்டும் போட்டேன். பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, போனில் கூப்பிட்டார்.

"பேரில்லாம ஊரில்லாம எப்புடிங்க பூவாத்தா ஜெபிக்கறது? டாக்டர்ட்டப் போயி எங்கயோ வலிக்குதுன்னு சொல்லுவமா? வெவரமா போடுங்க. வெவரமா கேட்டா வெவரமா பதில் வரும்."

விவரமாகப் போட்டேன். இரண்டு நிமிடம் பதினொரு விநாடிக் குரல் பதிவு. அவள் பெயர், அப்பன் பெயர், சூளை, கரண்டி, படுக்கை எல்லாம் அதில் இருந்தது. அழுதுகொண்டே பேசினேன். பேசி முடித்ததும் மனசு லேசாகிப்போனது. அந்த லேசுக்காகத்தான் பேசினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

ஊர் வம்பு என்றால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். ஜெபக் குறிப்பு என்றால் மூட மாட்டோம். ஒரு சபையிலிருந்து பத்து சபைக்கு அனுப்புவோம். எவ்வளவு பேர் முழங்கால் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது என்று நினைப்போம்.

எட்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. தெரியாத எண்.

"பிரெய்ஸ் த லார்டுங்க. பூவாத்தாக்காவுங்களா? நான் புளியம்பட்டி சபையிலருந்து பழனாத்தா பேசறனுங்க. உங்க வாய்ஸ் கேட்டு நாங்க அழுதுபோட்டமுங்க."

"எந்த வாய்ஸுங்க?"

"அந்த இனியாப் புள்ளைக்குப் போட்டீங்கல்ல. ஒரு சாட்சி சொல்றேன், கெட்டியா உக்காந்துக்கங்க. மாசாணம் அண்ணன் ரட்சிக்கப்பட்டுட்டாருங்க! நாலு மாசமா நம்ம சபைக்குத்தான் வாராரு. உங்க வாய்ஸைப் போட்டுக் காட்டுனமுங்க. தரையில உழுந்து அழுதாரு. புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டு ஒப்புரவாகோணும்னாரு. உங்க பாஸ்டரம்மாட்ட அட்ரஸும் வாங்கிட்டோம். இப்ப பஸ் ஏறியாச்சுங்க. நானும் எங்கூட்டுக்காரரும் கூட வாரோம். சொல்லாம வந்து நிக்கலாம்னுதான் பாத்தேன். பொறவு, உங்களுக்கு டீக்குப் பால் வாங்கோணுமல்லங்க, அதான் கூப்பிட்டேன்."

"வேண்டாமுங்க. இன்னைக்கு வேண்டாமுங்க. தயவு பண்ணித் திரும்பிப் போயிருங்க."

"இப்புடித்தானுங்க சாத்தான் தடை போடுவான்," என்று சிரித்தாள். "நீங்க ஜெபத்துல இருங்க, வந்தர்றோம்."

புளியம்பட்டியிலிருந்து பஸ் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். இனியா உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்புமணி வேனோடு கருமத்தம்பட்டியில் இருந்தார். அவருக்குச் சொன்னேன்.

"மேடத்துக்குப் போன் போடு," என்றார்.

"போட்டா வாய்ஸ் விசயத்தச் சொல்லோணும். புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

"கூட்டிட்டுப் போவட்டும். அவன் கைல சிக்கறதுக்கு அது தேவலை. போடு மொதல்ல."

நான் போடவில்லை. பத்து நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடமும் நான் இனியாவைப் பற்றி நினைக்கவில்லை. இனியா இல்லாத வீட்டைப் பற்றி நினைத்தேன். அவன் உண்மையிலேயே மாறியிருந்தால் என்றும் நினைத்தேன். மாறியிருந்தால் என் தப்பு தப்பில்லாமல் போய்விடும். அந்த ஆசை எனக்கு இருந்தது.

பிறகு போட்டேன். ஃபர்சானா மேடம் கோயமுத்தூரில் இருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். "அன்னூர் ஸ்டேஷனுக்கு நான் சொல்றேன். அவளைக் கூட்டிட்டு ரோட்டுக்கு வராதீங்க, பஸ் வர்ற வழி அது. கதவைப் பூட்டிக்கங்க. வாய்ஸ் பத்தி அப்பறம் பேசறேன்."

இனியாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பேனாவை மூடினாள்.

"என்ன சொன்னீங்க அதுல? போடுங்க, கேக்கறேன்."

"வேண்டாம் கண்ணு."

"ஊரே கேட்டிருக்குது. நான் கேக்கக் கூடாதுங்களா?"

போட்டேன். என் அழுகுரல் அந்த அறையில் ஓடியது. படுக்கை நனைவதைப் பற்றி நான் சொன்ன இடம் வந்தபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எட்டு மாதத்தில் அப்போதுதான் முதல் முறையாக, அவள் உட்கார்ந்திருக்கையில் அவள் முதுகு எனக்குத் தெரிந்தது. பதிவு முடிந்தது.

"எத்தனை பேருக்குப் போச்சு?"

"தெரியலை."

தலையாட்டினாள். எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். வேலைக்குக் கிளம்புகிறவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

"நீங்க வெளிய நில்லுங்க. நான் உள்ள தாப்பாப் போட்டுக்கறேன்."

"ரெண்டு பேரும் உள்ளயே இருக்கலாம்."

"உள்ள இருந்தா கதவை ஒடைப்பான். ஆளுங்க பாத்துட்டு இருந்தா ஒடைக்க மாட்டான். ஆளுங்க முன்னாடி அவன் நல்லவன்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பயமா இருந்தா தெருவுல போயி நின்னுக்கங்க. பரவால்லைங்க."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வாசலில் கதவில் சாய்ந்து நின்றேன். எதிர் வீட்டில் யாரும் இல்லை. பதினொரு மணி வெயில்.

மூன்று பேர் வந்தார்கள். பழனாத்தாள் கையில் வாழைப்பழச் சீப்பு. அவள் வீட்டுக்காரர் உயரமாக, பேசாத ஆளாக இருந்தார். நடுவில் மாசாணம். நான் நினைத்துவைத்திருந்த ஆள் இல்லை. ஒல்லி. வெள்ளைச் சட்டை. ஜிப் வைத்த உறையில் பைபிள்.

"வணக்கமுங்க அம்மணி," என்று சிரித்தான்.

"ஸ்தோத்திரம் சொல்லுங்கண்ணா," என்றாள் பழனாத்தாள்.

"ஸ்தோத்திரமுங்க. என்ற புள்ளையக் காப்பாத்துனீங்க. உங்க காலத் தொட்டுக் கும்புடோணும்." கண்ணீர் வழிந்தது. அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. "நான் பாவிங்க. ஒரே ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டுப் போயிர்றேன்."

"பாக்க முடியாதுங்க. போலீசுக்குச் சொல்லியாச்சு. போயிருங்க."

பழனாத்தாள் முகம் சுருங்கியது. "என்னக்கா இப்புடிப் பேசறீங்க? நம்மளயெல்லாம் ஆண்டவர் மன்னிக்கலீங்களா? அந்தப் புள்ளைக்கும் மன்னிச்சாத்தானுங்க காயம் ஆறும்."

மாசாணம் அவளைக் கையமர்த்தினான். என் தோளுக்கு மேலே கதவைப் பார்த்துப் பேசினான். குரல் தேன் மாதிரி இருந்தது.

"கண்ணு. அப்பன் வந்திருக்கறேன். வெளிய வா சாமி."

கதவு திறக்கவில்லை.

"மூணு எண்ணறதுக்குள்ள வந்துரோணும், என்ன?"

பழனாத்தாள் சிரித்தாள். "இன்னும் சின்னப் புள்ளையாட்டம் நெனச்சுட்டு இருக்கறாரு பாருங்க."

"ஒண்ணு," என்றான்.

உள்ளே இரும்புக் கட்டிலைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் அதைக் கதவுக்கு அண்டை கொடுக்கிறாள். மூச்சு வாங்குவது பலகை வழியாக என் முதுகில் கேட்டது.

"ரெண்டு."

இதைச் சொல்லும்போது அவன் பைபிளைச் சுற்றுச்சுவர்மேல் வைத்தான். கவனமாக, நழுவிவிடாமல் வைத்தான். கை காலியானது. குரல் அதே தேன்தான். அவன் கைக்கு மட்டும் அடுத்து என்ன என்று தெரிந்திருந்தது.

எனக்கும் ஒரு அப்பன் இருந்தான். என் அம்மா ஒரு நாளும் இப்படிக் கதவுக்கு முன்னால் நின்றதில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவாள். சத்தமாக, என் அலறல் அவள் காதில் விழாமல் இருப்பதற்காக. நானும் அவள் மகள்தான். போனில் ஜெபம் பண்ணினேன்.

"எண்ணாதீங்க," என்றேன்.

"தள்ளுங்க அம்மணி."

"தள்ள முடியாது."

"மூ..." என்றவன் முடிக்கவில்லை. அவன் கை என் காதை உரசிக்கொண்டு போய்க் கதவில் அறைந்தது. தாழ்ப்பாள் ஆடியது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியது. அது எனக்கா கதவுக்கா என்று தெரியவில்லை. நான் கண்ணை மூடினேன். ஆனால் நகரவில்லை. ஒரு மனுஷியாக நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

அடி விழவில்லை. பழனாத்தாளின் வீட்டுக்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். "அண்ணா!" என்று பழனாத்தாள் அலறினாள். வாழைப்பழம் தரையில் கிடந்தது. மாசாணம் எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். பிறகு சிரித்தான். வந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

"புள்ளைப் பாசமுங்க. கைய மீறிப் போச்சு," என்றான்.

போலீஸ் வேன் கால் மணி நேரம் கழித்து வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

செவ்வாய்க்கிழமை குழுவின் முன்னால் நின்றோம். ஃபர்சானா மேடம் என் பதிவைப் போட்டுக் காட்டினார். தலைவி என்னைக் கேட்டார்.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டனுங்க."

"படிச்சுட்டுத்தான?"

"படிச்சுட்டுத்தானுங்க."

அந்த விலாசத்தில் இனி பிள்ளை இருக்க முடியாது என்றார். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், ஆனாலும் வீடு தெரிந்துவிட்டது. நான் குனிந்துகொண்டேன். பக்கத்தில் அன்புமணி, வேனுக்கு டீசல் போடுவதைப் பற்றிப் பேசுகிறமாதிரி சொன்னார்: "ஊட்டை மாத்திக்கறமுங்க." சொந்த வீடு அது. பதினெட்டு வருடம் இருந்த வீடு. என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பேன்.

இனியாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து அன்புமணியிடம், "நான் ஊட்டை மாத்தச் சொல்லலைங்களே," என்றாள்.

"நீ சொல்லலை," என்றார் அவர்.

வீடு மாறினால் அவள் எங்களோடு இருக்கலாம் என்று மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். அதன் பிறகு மறுபடியும் பார்ப்பார்களாம்.

வீடு மாறுவதற்கு முந்தின ஞாயிறு, சபையில் அவரவர் அனுபவத்தைச் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்தேன். அவள் பெயரைச் சொல்லாமல் நான் செய்ததை மட்டும் சொன்னேன். பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவர் எல்லாத்தயும் நன்மையா முடிச்சுட்டாருங்க," என்றார். "இல்லைங்க, இன்னும் முடியலை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். குரூப்பிலிருந்து விலகிவிட்டேன்.

இப்போது இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கே என்று எழுத மாட்டேன். தெருவில் அறிமுகமில்லாத பைக் நின்றால் மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறோம். இனியா என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. நான் கேட்பதும் இல்லை.

போன வாரம் சாயந்தரம் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க. எனக்கு இன்னும் ஜெபம் பண்றீங்களா?"

"பண்றேன்."

"என்னன்னு?"

உரித்த பல்லைத் தட்டில் வைத்தேன்.

"எனக்குக் கேக்கற மாதிரி பண்ணுங்க. வேற யாருக்கும் வேண்டாம்."

கையைத் துடைத்துக்கொண்டேன். இருபது வருடமாக நூறு பேர் முன்னால் மைக்கில் ஜெபித்தவள் நான். அந்தப் பிள்ளை முன்னால் ஒவ்வொரு சொல்லையும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

"ஆண்டவரே. இந்தப் புள்ள பயப்படுது..."

"அப்புடி வேண்டாமுங்க," என்று நிறுத்தினாள். "நாம பயப்படறோம்னு சொல்லுங்க."

"ஆண்டவரே, நாங்க பயப்படறோம்," என்றேன்.

அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவள் ஆமென் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. தட்டிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.