தொண்ணூற்று நாலாம் நாள்

பரமலிங்கம் கலண்டர் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி, ஒவ்வொரு நாளையும் விரலால் தொட்டு எண்ணினார். போயா விடுமுறை நாள்களைக்கூட விடவில்லை. எண்ணி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தொண்ணூற்று நாலு, பிள்ளை."

மேசைக்கு முன்னால் தர்மிளா நின்றாள். அவளுடைய கடிதம் உறை பிரிக்கப்படாமல் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர்கள் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையின் விதிப்படி, பாலியல் தொந்தரவு பற்றிய முறைப்பாடு சம்பவம் நடந்து தொண்ணூறு நாள்களுக்குள் வந்து சேர வேண்டும்.

பரமலிங்கம் மனிதவள முகாமையாளர். பெண்கள் கண்ணியக் குழுவின் தலைவரும் அவரே. குழுவில் வேறு ஆண்கள் இல்லாததால் தலைமையின் பாரம் தன் தோளில் விழுந்துவிட்டதாக அங்குரார்ப்பண விழாவில் உருக்கமாகப் பேசியிருந்தார். அன்று குத்துவிளக்கு ஏற்ற அவருக்கு நெருப்புப்பெட்டி நீட்டியவன் மேற்பார்வையாளர் சுதாகரன். துணிக் களஞ்சியத்தின் கதவைச் சாத்திவிட்டுத் தர்மிளாவைப் பிடித்து இழுத்தவனும் அவன்தான். அதன் பிறகு அவள் ஏதோ காரணம் சொல்லி வேறு பகுதிக்கு மாறியிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி அவனுடைய பகுதியில் வேலை என்று இன்று காலை அறிவித்தல் பலகையில் அவள் பெயர் இருந்தது.

அறுபத்துமூன்றாம் நாள் வரை அவளுக்கு எழுதக் கை வரவில்லை. எழுதிய அன்று மாலையே பூநகரியில் அப்பா செத்துப்போனார். தொழிற்சாலை கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியது. பரமலிங்கம் வந்தார். மலர்வளையத்தைச் சுமந்துகொண்டு சுதாகரனும் வந்து, அப்பாவின் தலைமாட்டில் கைகட்டி நின்றான். தர்மிளா பரமலிங்கத்தை வேலியோரம் கூப்பிட்டு, யாரைப் பற்றியது என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினாள். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"துடக்கு வீட்டுக் கடிதத்த நான் கைநீட்டி வாங்கிறதே? முப்பத்தொண்டு முடியட்டும். அதுவரைக்கும் இந்த நாளுகள் ஒண்டும் கணக்கில்ல."

அவள் நம்பினாள். சாவுத் தீட்டான துடக்குக்குள் கோயிலுக்குப் போவதில்லை, எந்தக் காரியமும் தொடங்குவதில்லை; அந்த வீட்டில் நாள் ஓடுவதே இல்லை. தொண்ணூறு நாள் விதியும் அப்படியே படலைக்கு வெளியே காத்து நிற்கும் என்று நினைத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாளே முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"நீங்கள்தானே சேர் கணக்கில்ல எண்டு சொன்னனீங்கள்?"

"அது சமயம், பிள்ளை. இது சட்டம். ரெண்டையும் போட்டுக் குழப்பப்பிடாது." கடிதத்தை விரல்நுனியால் அவள் பக்கம் தள்ளினார். "சுதாகரனும் பிள்ளை குட்டிக்காரன். செத்த வீட்டுக்கு முதல் ஆளா வந்தவன்."

"ஓம், தலைமாட்டில நிண்டவர். அப்பாவால எழும்பி என்னெண்டு கேக்கேலாது, அதால நிண்டவர்."

கதிரையை இழுத்து, அனுமதி கேட்காமலே அதில் உட்கார்ந்தாள்.

"அப்ப பிந்திப்போச்சு எண்டு எழுதித் தாங்கோ. செத்த வீட்டில ஏன் வாங்கேல்ல எண்டும் எழுதுங்கோ. நான் அரசாங்கத் தொழில் கந்தோருக்குக் கொண்டு போறன்."

"எல்லாத்தையும் எழுத்தில கேக்கப்பிடாது, தங்கச்சி."

பிள்ளை தங்கச்சியாகியிருந்தாள்.

"நான் எழுத்திலதான் சேர் தந்தனான்."

அவர் இலச்சினை பொறித்த தாள் ஒன்றை இழுத்து, பேனையைத் திறந்தார். திகதியை எழுதினார். அதற்குக் கீழே பேனைமுனை நின்றது. மை ஊறி, ஒரு புள்ளி மெல்லப் பெருத்தது. கீழ்த்தளத்தில் மணி அடித்தது. தையல் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்க, மேசை நடுங்கியது. தர்மிளா எழும்பவில்லை.