லிஸ்த்தில் இரண்டாவது பெயர்

1

இந்தக் கதை பொறாமையில் தொடங்கியது. வேறு காரணம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை.

யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று முதலில் இதை அமெரிக்காவில் வைத்து எழுதினேன். அங்கே அதிபர் வேட்பாளர் தன் துணை அதிபரைத் தானே தேர்ந்தெடுக்கிறார். யாரை எடுப்பார் என்று டிவியில் மாதக்கணக்கில் ஊகிக்கிறார்கள். எனக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. முதல் வரி இது:

"செனட்டர் மார்த்தா அன்று காலையிலிருந்து தொலைபேசியின் பக்கத்தைவிட்டு நகரவில்லை."

நான்காவது வரியில் செனட்டர் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதற்குமேல் அவளை அமெரிக்காவில் வைத்திருக்க முடியவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

"சேதராப்பட்டில் ஒரு ஷாம்பு தொழிற்சாலை. அதன் ஆய்வகத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி நன்றாகப் பேசுவாள். இன்னொருத்தி—"

"நன்றாக வேலை செய்வாள்" என்று எழுத வந்தது. நிறுத்திவிட்டேன். அந்த நன்றாகப் பேசுபவள், மெரின், வேலையும் நன்றாகத்தான் செய்வாள்.

2

முதலில் லிஸ்த்தை விளக்க வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையின் சங்கத்துக்கு முதன்முதலில் விதி எழுதிய நான்கு பேரும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். பிரான்சின் தூதரகமான கான்சலேட் நடத்தும் தேர்தலில் தனி ஆளுக்கு இல்லாமல் ஒரு லிஸ்த்துக்கு, அதாவது ஒரே தாளில் இருக்கும் பெயர்களுக்கு, ஓட்டுப் போட்டுப் பழகியவர்கள். அதையே இங்கேயும் கொண்டுவந்தார்கள். தலைவராக நிற்பவர், தன் துணைத் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்து, இரண்டு பெயரையும் ஒரே படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெயித்தால் இரண்டு பேரும். ஒருவருக்குத் தகுதி இல்லை என்றால் இரண்டு பேரும் வெளியே.

அந்த நான்கு பேரும் இப்போது இல்லை. பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாத பேக்கிங் பெண்கள்கூட இன்னும் "லிஸ்த்து போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த முறை பேக்கிங்கில் இருக்கும் வேளாங்கண்ணி அக்கா தலைவராக நிற்பதாகச் சொன்னார். எதிரில் ஸ்டோர்ஸ் ராமலிங்கம், இரண்டு முறை தலைவராக இருந்தவர். அக்காவின் கோரிக்கை ஒன்றுதான். பேக்கிங்கில் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. உட்கார ஸ்டூல் வேண்டும்.

ஸ்டூலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. அக்கா யாரைத் துணைக்கு எடுப்பார் என்பதுதான் மூன்று வாரமாக பஸ்ஸில் பேச்சு. பாய்லர் பார்க்கும் கலியமூர்த்தி அண்ணன் தினமும் சதவீதம் சொல்வார்.

"மெரினுக்கு நாப்பது. பாட்டில் நிரப்புற லைன் பெனிஷாவுக்கு முப்பது. நம்ம புருஷோத்தமனுக்கு இருவத்தஞ்சு. மத்தவங்க எல்லாம் சேத்து இருவது."

"எனக்கு இருவத்தஞ்சா? நேத்து முப்பதுன்னு சொன்னியே!"

"நேத்து நீ டீ வாங்கிக் குடுத்த."

கூட்டினால் நூற்றுப் பதினைந்து வந்தது. நான் சொல்லவில்லை. நான் "மத்தவங்க"வில் இருந்தேன்.

3

(இந்தப் பகுதியை நீக்கச் சொல்லி மனம் சொல்கிறது. நீக்கினால் மற்றது எதுவும் புரியாது.)

நானும் மெரினும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். லாஸ்பேட்டையில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரே ஸ்கூட்டரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிறோம். ஆய்வகத்தில் பிஎச் மீட்டரைத் தினமும் காலையில் சரிபார்ப்பது நான். ஆனால் புரொடக்ஷனில் அதற்குப் பெயர் "மெரின் மீட்டர்". முடிவைப் போனில் சொல்வது அவள் என்பதால்.

ஸ்டூல் கேட்டு நிர்வாகத்துக்குப் போன கடிதம் நான் எழுதியது. அதில் ஒரு வரி: "எங்கள் வேலை பாட்டிலை அடைப்பது, நிற்பது அல்ல." அக்கா மதிய இடைவேளையில் அதை எல்லோருக்கும் வாசிக்கச் சொன்னார். நான் தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முதல் சொல் வரவில்லை. மெரின் என் கையிலிருந்து வாங்கி வாசித்தாள். கைதட்டல். அன்றிலிருந்து அது மெரின் சொன்ன வரி.

"நான் எழுதலக்கா, இவதான் எழுதுனா" என்று அவள் அன்றே சத்தமாகச் சொன்னாள். கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை.

[இந்தக் கடைசி வரியை முதல் வரைவில் விட்டுவிட்டேன். அவளை அப்படிச் சொல்லாதவளாக்கினால் எழுதுவது எளிதாக இருந்தது. வரைவில் மெரின் உதடு சுழிப்பாள். கண்ணாடி பார்ப்பாள். என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பாள். எதையும் அவள் செய்ததில்லை. பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகுதான் சந்தேகம் என்மேல் வர வேண்டியது என்று தெரிந்தது.]

சுருக்கமாக: லிஸ்த்தில் அந்த இரண்டாவது பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கடிதம் எழுதியவளை அக்கா மறக்கமாட்டார் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே இல்லை என்பார்கள்.

4

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. பஸ் உழவர்கரையைத் தாண்டும்போது அக்கா எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் லிஸ்த்துல நம்ம மெரின் பாப்பா."

விசில். கலியமூர்த்தி அண்ணன், "நாப்பதுன்னு நான் முன்னாடியே சொன்னேன்" என்றார். புருஷோத்தமன், "என் டீ காசத் திருப்பிக் குடு" என்றார். நானும் கைதட்டினேன். எத்தனை முறை என்று தெரியும். ஆறு.

ஆய்வகத்தில் மெரின் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னாடி, மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?"

"இல்லியே."

"உன் பேரத்தான்டி நான் அக்காகிட்ட சொன்னேன். சத்தியமா."

"அக்கா என்னா சொன்னாங்க?"

அவள் சிரித்தாள். "'அது வாயே தொறக்காதே'ன்னாங்க. 'அது'ன்னு சொல்றாங்கடி, உன்ன. பூனைக்குட்டி மாதிரி!"

அவளுக்கு அது செல்லம். எனக்கு அது

(வாக்கியத்தை முடிக்க நான்கு சொற்களை முயன்றேன். நான்கும் பெரிதாக இருந்தன.)

5

புதன்கிழமை. ஆடிட் வருகிறது என்பதால் ஆய்வகத்தில் எல்லோருடைய பயிற்சிக் கோப்புகளையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். அது என் வேலை, தேடிப் போகவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று தெரியவில்லை.

மெரின் கோப்பில் பணி உறுதி ஆணையின் நகல் இருந்தது. தேதி 2021 ஏப்ரல் 3.

என் ஆணையின் தேதி அதே வருடம் மார்ச் 10. ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஆறு மாதப் பயிற்சி. அவளுக்கு மட்டும் இருபத்து நான்கு நாள் நீட்டியிருக்கிறார்கள், பயிற்சிக் காலத்தில் எடுத்த விடுப்புக்காக.

துணைத் தலைவராக நிற்க, மனுக் கொடுக்கும் நாளில் பணி உறுதியாகி மூன்று வருடம் முடிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் யாரும் அந்த ஆணையின் தேதியை நினைவில் வைப்பதில்லை. சேர்ந்த நாளில் ஒவ்வொரு வருடமும் கேக் வெட்டுகிறோம். அனுபவத்தையும் அந்த நாளிலிருந்தே எண்ணுகிறோம். மெரினும் நானும் ஒரே கேக்கை வெட்டுவோம். அக்கா கேக்கை வைத்துக் கணக்கிட்டுவிட்டார்.

மனுக் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 15, வெள்ளி, மாலை நான்கு மணி. எனக்கு மூன்று வருடமும் ஐந்து நாளும் ஆகியிருக்கும். மெரினுக்குப் பத்தொன்பது நாள் குறையும்.

அந்த இருபத்து நான்கு நாளையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எனக்கு டெங்கு வந்தபோது ஜிப்மர் ஆஸ்பத்திரியில் அவள் என் பக்கத்தில் இருந்தது ஒன்பது நாள். பிறகு அவளுக்கே வந்தது; அது பதினைந்து. (பத்து நாளுக்குமேல் விடுப்புப் போனால்தான் பயிற்சியை நீட்டுவார்கள்; என்னுடையது ஒன்பதோடு நின்றது.) அந்த ஒன்பது நாளைக் கழித்துப் பார்த்தேன். கழித்தாலும் பத்து நாள் குறைகிறது. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. பத்து நாளைப் பார்த்து நிம்மதி அடைபவள் எப்படிப்பட்டவள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அக்கா வேறு பெயர் எழுதலாம். சொல்லாவிட்டால், படிவம் போன பிறகு ராமலிங்கம் கண்டுபிடித்தால், லிஸ்த்தே போகும், ஸ்டூலும் போகும். இதில் குழப்பமே இல்லை.

குழப்பம் எனக்குள் இருந்தது. செய்ய வேண்டிய நல்ல காரியமும் நான் செய்ய விரும்பிய கெட்ட காரியமும் ஒரே காரியமாக இருந்தன. மெரினின் பெயரை எடுப்பது. ஆய்வகத்தில் இரண்டு திரவங்கள் ஒரே நிறத்தில் இருந்தால் பிரித்தறிய ஏதாவது ஒரு சோதனை இருக்கும். இதற்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அன்று சொல்லவில்லை.

6

வியாழக்கிழமை இதைவிட மோசம்.

அந்த நகலை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனேன். ராமலிங்கம் ஐயா பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இந்த ஒன்றைத்தான் நான் எண்ணவில்லை.

"என்னாம்மா வேணும்?"

லிஸ்த் முழுவதும் போகட்டும். மெரினும் வேண்டாம், அக்காவும் வேண்டாம், அந்த "அது"வும் வேண்டாம்.

"பிப்பெட்டு, ஐயா. ஒரு பெட்டி."

"போன வாரம்தானே வாங்குனீங்க?"

"உடஞ்சிடுச்சு."

அவர் எடுத்துக் கொடுத்தார். "பாத்துப் புழங்குங்கம்மா. எல்லாம் கண்ணாடி."

இப்போது ஆய்வகத்தில் ஒரு பெட்டி அதிகமாக இருக்கிறது.

7

வெள்ளிக்கிழமை காலை. பஸ்ஸில் மெரின் எனக்குப் பின்னால் பெனிஷாவோடு உட்கார்ந்தாள். நான் முன்னால் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை என்பதால் அக்கா கொஞ்சம் நகர்ந்து, "என்னா, வாந்தி வருதா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. மெரினுக்கு மூணு வருசம் ஆகல."

"என்னா?"

"பத்தொம்போது நாள் குறையுதுக்கா."

"ஒண்ணும் கேக்கல. இன்ஜின் மேல உக்காந்துட்டு ரகசியம் பேசுற. சத்தமா சொல்லுடி!"

சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. பஸ் முழுவதும் கேட்டது. டிரைவருக்கும் கேட்டது, கண்ணாடியில் பார்த்தார்.

அக்கா நகலை வாங்கி இரண்டு முறை படித்தார். கலியமூர்த்தி அண்ணன் எழுந்து வந்து அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"அட, ஆமா. ராமலிங்கம் கண்ணுல பட்டிருந்தா லிஸ்த்து காலி."

"நல்லவேள கண்ணு, நீ பாத்த" என்றார் அக்கா. பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கிழித்தார். இன்னொன்றை எடுத்தார். அக்கா எதையும் இரண்டாக வாங்கி வைப்பவர். "இப்ப யாரப் போடுறது? நாலு மணிக்குள்ள குடுக்கணும்."

"இந்தப் பொண்ணையே போடு" என்றார் கலியமூர்த்தி அண்ணன். "இதுக்குத் தொண்ட இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது." சிரிப்பு. யாரோ கைதட்டினார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்ப்பதுபோல் என்று எழுதமாட்டேன். பார்த்தார், அவ்வளவுதான். பேனாவைத் திறந்து, தன் பெயரை முதலில் எழுதி முடித்தார்.

"சரி. உன் இனிஷியல் என்னா?"

அதே நேரத்தில் பின்னாலிருந்து மெரின். கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவள் குரல்.

"நீ இத எப்ப பாத்த?"

8

முடிவுகள்.

அ) நான் இனிஷியலைச் சொல்கிறேன். மெரினிடம், "இன்னிக்குக் காலையிலதான்" என்கிறேன். ஜெயிக்கிறோம். பேக்கிங்கில் நாற்பது ஸ்டூல்கள் வருகின்றன. நான் பொய் சொன்னது நாற்பது பெண்கள் உட்காருவதற்காக.

ஆ) நான் திரும்பி, "புதன்கிழமையே பாத்துட்டேன்" என்கிறேன். அக்கா பேனாவை மூடுகிறார். மெரின் எழுந்து வந்து என் கையைப் பிடிக்கிறாள்.

(கையைப் பிடிக்கிறாள் என்பதை அடித்துவிட்டேன். பிறகு மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன்.)

இ) "பெனிஷாவப் போடுங்கக்கா" என்கிறேன். எல்லோரும் என்னைப் பெருந்தன்மையானவள் என்கிறார்கள். மெரினுக்கு நான் பதில் சொல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றையும் திரும்பப் படித்தேன். மூன்றிலும் நான் நல்லவளாகவே வருகிறேன். முதலாவதில்கூட. எழுதுவது நான் என்பதால் அப்படித்தான் வரும்போலிருக்கிறது. அதனால் இந்த இடத்தில் பேனா என்னிடம் இருப்பது சரியில்லை.

நடந்தது எனக்குத் தெரியும். மெரினுக்கும் தெரியும், அவள் இதைப் படித்தால், மேலே இருக்கும் எந்த வரி பொய் என்று சொல்லிவிடுவாள். நீங்கள் அவளைக் கேட்க முடியாது.

பஸ் சேதராப்பட்டுச் சாலையில் திரும்புகிறது. அக்கா படிவத்தைத் தொடைமேல் வைத்து, குலுங்காமல் இருக்க ஒரு கையால் அழுத்திப் பிடித்திருக்கிறார். இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் ஒரே ஓர் எழுத்து. இன்னொன்றுக்கு ஒரு கிழமை. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. ஏதாவது ஒன்று முதலில் வர வேண்டும்.

மூன்று நாள் இதை எழுதுபவளை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள். அவள் வாயைத் திறக்கிறாள். என்ன சொல்கிறாள்?

தலைவர்: அ. வேளாங்கண்ணி

துணைத் தலைவர்: ....................