விசிலுக்கு மிஞ்சிய மூச்சு

அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்ட மகள், கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசிலை மட்டும் தொடவில்லை. வாலிபால் கோச்சான அவருக்குப் பட்டப்பெயரே 'விசில்'தான்.

"உங்க தாத்தாவும் இதே கிட்னியிலதான் போனார். விடிய விடிய மூச்சு வாங்கி, பாக்கவே முடியல," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா. "அண்ணனும் அப்படித்தான் போயிருப்பார், இல்ல?"

அப்பாவுக்கும் அந்த ஒரு பயம்தான். "எங்கப்பா மாதிரி திணறிச் சாக விட்றாதேம்மா," என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார்.

போன வருஷம் அந்தப் பயம் வாசல்வரை வந்தே விட்டது. சும்மா உட்கார்ந்திருந்தவர், ஓடி வந்தவரைப் போல ஆழ ஆழ மூச்சிழுத்தார். ஆஸ்துமா என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒரு மண்ணும் கேட்கவில்லை. தாத்தாவின் நினைவு வந்து, மகள் அவரைக் கிட்னி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள்.

"நெஞ்சுல சளியும் இல்ல, நீரும் இல்ல. ரத்தத்துல அமிலம் ஏறியிருக்கு," என்றார் டாக்டர். "கிட்னி வெளியேத்தாததை நுரையீரல் ஓவர்டைம் பாத்துத் தள்ளுது."

சோடா உப்பு மாத்திரையில் மூச்சு அடங்கியது. கொஞ்ச நாளில் திரும்பவும் அதே மூச்சு. மாத்திரை டப்பாவைத் திறந்தால், கடைசியாக வாங்கியது வாங்கியபடியே இருந்தது.

"எனக்குத்தான் நெஞ்செரிச்சலே இல்லையேம்மா."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது வயித்துல சுரக்குற அமிலம்ப்பா. இது ரத்தத்துல தேங்குறது. எரியாது, ஆளைத்தான் சாய்க்கும்."

அதன்பின் அவள் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினால்தான் சாப்பாடு. ரத்தப் பரிசோதனைக்கு அவர் சொன்ன எந்தச் சாக்கும் அவளிடம் எடுபடவில்லை.

நேற்று இறுதி ஆட்டம். அவர் பழக்கிய பெண்கள் கோப்பையை வென்றதும், நாற்காலியை விட்டு எழுந்து விசிலை ஊதினார். அப்படியொரு ஊதல். மைதானமே திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவரின் இதயம் அங்கேயே நின்றுவிட்டது.

"இல்ல சித்தப்பா," என்றாள் மகள். அழுகையோடு கர்வமும் பொங்கியது. "கொஞ்சங்கூடத் திணறல. ஊதி முடிச்சிட்டு, சிரிச்சிட்டே போனார். நாங்க ஜெயிச்சிட்டோம்."

சித்தப்பா குனிந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் சித்தப்பாவின் மூச்சு அவள் காதில் விழுந்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஆழ ஆழ இழுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"படி ஏறி வந்தேன்ல..."

"அது காலையில. நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வர்றீங்க."

சித்தப்பா தலையாட்டினார். கை நீட்டி, சரிந்திருந்த விசிலை அண்ணனின் நெஞ்சு நடுவில் நேராக வைத்தார்.