குகைக்காரி ஏற்காத கத்தரிக்கோல்

கடல் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அந்தக் குகையில் பூவுக்கும் மதிப்பில்லை, பொன்னுக்கும் மதிப்பில்லை. உழைத்துத் தேய்ந்த கருவி ஒன்றைக் கொண்டுபோனால்தான் குகைக்காரி ஏறெடுத்துப் பார்ப்பாள்.

ஒரு காலத்தில் அந்தக் கரையில் வெறும் பாறைதான் இருந்ததாம். புயல் வந்தால் ஒதுங்க இடமில்லை. எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாத ஒருத்தி, ஓர் உளியை வைத்துக்கொண்டு பாறையைக் குடைய ஆரம்பித்தாள். கரையே சிரித்தது. உளி தேய்ந்து ஆணி அளவாயிற்று. ஆணி தேய்ந்து ஊசியாயிற்று. ஊசியும் ஒழிந்த அன்று ஒரு புயல் வந்தது. சிரித்தவர்கள்தான் முதலில் ஓடிவந்து குகைக்குள் இடம் பிடித்தார்கள். நன்றி சொல்லத் தேடினால் ஆளைக் காணோம். கடலுக்குள் நடந்து போனாள் என்று சிலர் சொன்னார்கள். உளியோடு சேர்ந்து அவளும் தேய்ந்துபோனாள் என்றார்கள் மற்றவர்கள். தையல்கடையில் அக்காவுக்கு உதவியாக இருந்த சின்னவளுக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பிடிக்கும்.

அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. கருவியை வைத்தவர் அந்த வேலையை மறுபடி தொடக் கூடாது. அதனால் அன்று காலை அக்கா துணியில் சுற்றியிருந்த தன் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறியபோது சின்னவள் அந்தத் துணிச் சுருளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அக்காவைத் தெருவே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அளவு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வெட்டு மேசை முன்னால் நின்றால், எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் குரல் தானாக இறங்கும். அந்த மேசைப் பக்கம் தங்கையைக்கூட அவள் அண்டவிட்டதில்லை. பித்தான் வை, விளிம்பு மடி, நூல் பிரி, அவ்வளவுதான். இப்போது அக்காவின் மணிக்கட்டு வீங்கி, டாக்டர் கையை விரித்துவிட்டார். கத்தரிக்கோல் குகையில் தங்கினால் மேசை சின்னவளுக்கு. தங்காவிட்டால் அக்கா அந்தக் கையோடு மறுபடி வெட்டத்தான் போகிறாள். சொன்னால் கேட்கிற ரகமா அவள்?

வண்டி ஓட்டிய மாமா வழியெல்லாம் வாயை மூடவில்லை. "தேஞ்சு போனதைத்தான் வைக்கணும்னா என்னை வச்சிட்டு வா. உன்கூட குடும்பம் நடத்தியே பாதி ஆயிட்டேன்."

"உங்களை அவ எடுத்துக்க மாட்டா. வேலை செஞ்சு தேஞ்சிருக்கணும்" என்றாள் அக்கா.

பாறையில் வெட்டிய படிகளில் இறங்கினால் குகை வாய். உள்ளே இருபுறமும் வரிசை வரிசையாகப் பாறைத் திட்டுகள். பிடியில்லாத சுத்தியல், பாதிக்கு மேல் கரைந்த கரண்டி, முடி உதிர்ந்த வர்ணத் தூரிகை, ஒரு தபால்காரரின் ஓட்டைச் செருப்பு. எல்லாவற்றின் மேலும் உப்பு பூத்திருந்தது. எந்தச் சிலையும் இல்லை. சின்னவளுக்கு அது ஒரு பெரிய பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் நேரம் போல இருந்தது.

வரிசையில் அவர்களுக்குப் பின்னால் ஓர் இறைச்சிக் கடைக்காரர் கத்தியோடு நின்றார். முன்னால் ஒரு கொத்தனார். திட்டுகளுக்கு முன்னால் குகையின் காவல்காரம்மா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதையும் சோதிக்காமல் வாங்க மாட்டார். கொத்தனாரின் பூச்சுக் கரணையை விரலால் தட்டிப் பார்த்து, தலையசைத்து, மேல் திட்டில் இடம் காட்டினார்.

அக்கா துணியைப் பிரித்தாள். காவல்காரம்மா ஒரு பழந்துணியை எடுத்து, கத்தரிக்கோலை அதன் மேல் வைத்து லேசாக அழுத்தினார். துணி தண்ணீர் மாதிரி இரண்டாகப் பிரிந்தது.

"இது இன்னும் வெட்டுதும்மா. உயிர் இருக்கிறதை இங்க வைக்க முடியாது."

அப்போதுதான் சின்னவளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. முந்தின நாள் மத்தியானம் அக்கா டாக்டரிடம் போயிருந்தாள். கத்தரிக்கோல் துருவேறி, பழைய இரும்புக்காரன்கூட வாங்காத கோலத்தில் மேசை மேல் கிடந்தது. தெரு முழுக்க உடுத்திவிட்ட கத்தரிக்கோல் இந்தக் கோலத்திலா நாலு பேர் முன்னால் போய் நிற்பது என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. துருவை மட்டும் எடுப்போம் என்றுதான் சாணைக்கல்லைக் கையில் எடுத்தாள். துரு போனதும் கை நிற்கவில்லை. வேலை முடிந்து பார்த்தபோது அலகு பளபளவென்றிருந்தது. அவளே அதைத் துணியில் சுற்றியும் வைத்தாள்; காலையில் அக்கா பிரித்துப் பார்க்காமலே எடுத்துக்கொண்டாள். தேய்ந்ததற்குத்தான் அங்கே மரியாதை என்பது அந்தப் பெருமிதத்தில் மறந்தே போயிற்று.

அக்கா வெட்டுண்ட துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போன வாரம் இது பஞ்சைக்கூட வெட்டல" என்றாள் மெல்ல. அவள் முகம் மாறிற்று. "எனக்கு இன்னும் வேலை இருக்குன்னு குகைக்காரி சொல்றா."

அது போதும். வரிசை கலைந்தது. குகைக்குள் வந்ததும் கூர் வந்துவிட்டதாம் என்று வாசல்வரை பேச்சுப் போயிற்று. யாரோ ஒரு பெண் கத்தரிக்கோலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதை பிறப்பதைச் சின்னவள் அதுவரை பார்த்ததில்லை. சும்மா இருந்தால் இன்னும் நூறு வருஷம் இதைச் சொல்வார்கள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆனால் அந்த வெளிச்சத்தோடு அவள் கத்தரிக்கோலை இறுகப் பிடித்தபோது மணிக்கட்டு சுண்டி, உதடு கோணியதைச் சின்னவள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நான்தான் தீட்டினேன்."

கடல் ஒரு முறை உள்ளே வந்து போயிற்று. தொட்டு ஒற்றிக்கொண்ட பெண், ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அக்கா திட்டவில்லை. கத்தரிக்கோலை விரித்து, ஒரு கண்ணை மூடி, அலகை வெளிச்சத்தில் நீளவாக்கில் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். காவல்காரம்மாவிடம் துணியைக் கேட்டு வாங்கி, அடியிலிருந்து நுனிவரை ஒரே வெட்டாக வெட்டினாள். பிசிறு இல்லை. நுனியால் மட்டும் ஒரு குட்டி வளைவு வெட்டினாள். அது நிலா மாதிரி விழுந்தது.

"நுனி வரைக்கும் வெட்டுது" என்றாள். "சாணை பிடிக்கிறவங்க எல்லாம் நடுவுல தீட்டிட்டு நுனியை விட்டுடுவாங்க. உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நூல் பிரிக்கிற கத்தியை வச்சுப் பழகினேன். வேற எதைத்தான் நீ தொட விட்ட?"

மாமா இருமி, பாறையைப் பார்க்கத் தொடங்கினார்.

அக்கா வரிசையின் பக்கம் திரும்பினாள். கடையில் துணி சரியில்லை என்று திருப்பி அனுப்பும்போது வரும் அதே குரல். "எல்லாரும் கேட்டுக்குங்க. இது குகைக்காரி வேலை இல்ல. என் தங்கச்சி வேலை."

அதைச் சொன்னபோது அவள் முதுகு நிமிர்ந்த நிமிர்வைச் சின்னவள் வெட்டு மேசை முன்னால்கூடப் பார்த்ததில்லை.

இறைச்சிக் கடைக்காரர் தன் கத்தியைத் தயங்கித் தயங்கி நீட்டினார். "பாப்பா, இதையும் கொஞ்சம் பார்க்கிறியா? தீட்டினா தேறும்னா நான் வீட்டுக்கே போயிடறேன்."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு ரம்பம் எட்டிப் பார்த்தது.

"நல்லா இருக்கு" என்றார் காவல்காரம்மா. "இப்படியே விட்டா மேல இருக்கிறதையும் இறக்கிட்டுப் போயிடுவீங்க. உயிர் இல்லாததை வைங்க, மத்தவங்க கிளம்புங்க." பிறகு அக்காவிடம், இதை வைக்காமல் போவதில் வருத்தமா என்று கேட்டார்.

அக்கா கத்தரிக்கோலை மூடினாள். "வைக்கிறதுன்னா நான் வேலையை விட்டதா அர்த்தம். இவகிட்ட குடுக்கிறதும் அதேதானே" என்றாள். "இது தேஞ்சதும் இவளே கொண்டு வருவா. நீங்க அவசரப்படாதீங்க."

படியேறும்போது சின்னவள் கையை நீட்டினாள். அக்கா கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"கடை வாசல் வரைக்கும் என்னோடது" என்றாள். "நாளைக்கு முதல் வேலையா அந்தப் பள்ளிக்கூடத்துச் சீருடையை வெட்டு. தப்பா வெட்டினா கத்தரிக்கோலைத் திருப்பி வாங்க மாட்டேன். துணிக்கு மட்டும்தான் திட்டுவேன்."

மாமா வண்டியைக் கிளப்பினார். போகும் வழியில் கடைப் பலகையில் மாஸ்டர் என்ற எழுத்துக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். இருக்கிறது என்றார் மாமா. சின்னவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிப்பதைக் கடல் மட்டும் பார்த்தது.