உப்புக் குவியல் மேல் ஒரு புடவை

எழுபத்து நான்கில் நான் விமானப்படையில் சமையல்காரன். எங்கள் ஊர் மரக்காணத்தில் யாரும் இதை நம்பவில்லை; விமானப்படை என்றால் விமானம் ஓட்டுகிறவன்தான் என்பது அவர்கள் கணக்கு. அம்மா சூசைமேரி எல்லாருக்கும் ஒருபடி மேல். உப்பளத்தைத் தாண்டி எந்த விமானம் போனாலும் "எம் புள்ள போறான்" என்று கையை ஆட்டுவாள்.

ஒருநாள் டீ கொண்டுபோன இடத்தில், விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த படப்பிரிவு ராமதாஸ் என்னைக் கூப்பிட்டான்.

"ஏம்பா, இது உங்க ஊருதானே? உப்புக் குவியல்ல ஒண்ணு மட்டும் கறுப்பா இருக்குது பாரு."

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். கால்வாய் வளைகிற இடம், எங்கள் பாத்தி. ஓலை போட்டு மூட வேண்டிய குவியலை ஒரு புடவை மூடியிருந்தது. பக்கத்தில் எறும்பளவுக்கு ஒரு நிழல்.

லீவில் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் கூறைப்புடவை கொடியில் கிடந்தது. அரக்குச் சிவப்பு முழுக்க உப்புப் பூத்து வெளுத்திருந்தது.

"வெறுங்கைய ஆட்டுனா உனக்கு எங்கடா தெரியப்போவுது? அதான் இத விரிச்சேன். பாத்தியா?"

கரண்டி பிடிக்கிறவன் நான் என்று எத்தனை முறை அவளிடம் கத்தியிருப்பேன்! அன்று கத்தவில்லை.

"பாத்தேம்மா."

"அவ்ளோ கீழ பறக்காதடா" என்றாள்.