பட்டியலில் முதலில் இருப்பதை எடு

என் தங்கை கணவரை எங்கள் நிறுவனத்தில் சேர்த்துவிட்டவன் நான்தான். அவருடைய பிரிண்டர் பழுதுபார்க்கும் கடையை இழுத்து மூடியபின் ஒன்பது மாதம் வீட்டில் இருந்தார். தங்கை தினமும் போனில் அழாமல் அழுதாள். நாங்கள் வாடிக்கையாளர் இடத்துக்கே போய் சர்வர்களை நிறுவித் தருகிறவர்கள். வயர் சொருக ஆள் தேவைப்பட்டது. மூன்று மாதம் தற்காலிகம், ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம். அந்த மூன்று மாதம் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை நடந்தது.

வீட்டில் அவர் மாப்பிள்ளை. சர்வர் அறையில் எனக்குக் கீழே வேலை செய்கிறவர். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்: மரியாதையாகத் திட்டுவது. “என்ன மாப்ள, கொஞ்சம் யோசிக்க மாட்டீங்களா” என்பேன். அவரும் தலையாட்டுவார். வீட்டிலும் பல்பு மாட்டுவதிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது வரை நான் சொல்வதே முடிவு. அது சரியாக வராமல் போனால் அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம்.

வேலை இருபத்துநான்கு சர்வர். ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் உட்கார்ந்து அது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால் ஒரு வாரம் போய்விடும். அதனால் நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். சர்வரை ஆன் செய்தால் போதும், நெட்வொர்க் வழியாக வேண்டியதை இழுத்துக்கொண்டு தன்னைத்தானே நிறுவிக்கொள்ளும். வயர் சொருகும் எந்த வாய், அதாவது எந்த போர்ட் வழியாக இழுப்பது என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சர்வரின் முதுகிலும் நான்கு போர்ட். மதர்போர்டோடு வந்த இரண்டு மெதுவானவை, தனிக் கார்டில் வந்த இரண்டு வேகமானவை. எந்த வயர் எங்கே என்று நாங்கள் கொடுக்கும் படத்தின்படி வயர் கார்டில்தான் இருக்க வேண்டும்.

போர்ட்டுகளுக்குப் பெயர் வைப்பது சர்வரின் வேலை. முன்பெல்லாம் கண்ணில் பட்ட வரிசையில் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று வைத்தது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வரிசை மாறி எங்கள் உயிரை வாங்கியது. இப்போது கார்டு எந்த ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறதோ அதை வைத்துப் பெயர். இரண்டாம் ஸ்லாட் என்றால் பெயரிலும் இரண்டு. நான் மாதிரிக்கு ஒரு சர்வரை ஆன் செய்து, இரண்டு உள்ள அந்தப் பெயரைப் பார்த்து அப்படியே ஸ்கிரிப்டில் எழுதினேன். முன்யோசனைக்காரன் அல்லவா, இன்னொரு வரியும் சேர்த்தேன். அந்தப் பெயர் கிடைக்காவிட்டால் பட்டியலில் முதலில் இருப்பதை எடு. அதை எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து நானே ரசித்தேன்.

புதன்கிழமை நான் ஆபீஸில், மாப்பிள்ளை வாடிக்கையாளரின் சர்வர் அறையில். சாயங்காலத்துக்குள் என் திரையில் இருபத்துநான்கும் பச்சை. ஏழு மட்டும் கொஞ்சநேரம் சிவப்பாக நின்று பிறகு பச்சையானது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வியாழன் காலைக் கூட்டத்தில் மார்தட்டிக்கொண்டேன். அடுத்து வரும் இருநூறு சர்வர் வேலைக்கு நான்தான் தலைமை என்று மேலாளர் அம்மா அங்கேயே அறிவித்துவிட்டார்.

பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் கூப்பிட்டார். ஏழு சர்வர்கள் மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன என்றார். மேலாளர் நேரில் போய், சர்வர்களை அடுக்கியிருந்த ரேக்கின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஏழிலும் வயர் மெதுவான போர்ட்டில் இருந்தது. திரும்பி வந்தவர் குரலை உயர்த்தவில்லை.

“உங்க ஆளு பதினேழு இடத்துல சரியா சொருகிட்டு ஏழு இடத்துல தப்பா சொருகியிருக்காரு. படத்தப் பாத்து சொருகத் தெரியாதவர எப்படி நிரந்தரம் பண்றது? காரணத்த நீங்களே எழுதிக் குடுத்துடுங்க” என்றார்.

எனக்குத் தலை கொதித்தது. தங்கையின் முகம் கண்முன் வந்தது, பிறகு என் இருநூறு சர்வர் வந்தது. உண்மையைச் சொன்னால் இருநூறுதான் முதலில் வந்தது. மாப்பிள்ளையை ஒரு பிடி பிடித்துவிட்டு எழுதலாம் என்று கிளம்பினேன்.

சர்வர் அறையில் விசிறிகளின் இரைச்சலுக்குத் திட்டுவதென்றாலும் கத்தித்தான் திட்ட வேண்டும். வாயைத் திறக்கும் முன் வயர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு வயரின் நுனியிலும் டேப் ஒட்டி எந்த போர்ட் என்று எழுதிவைப்பது அவர் பழக்கம். அந்த ஏழு டேப்பிலும் முதலில் ‘கார்டு’ என்று எழுதியிருந்தது. அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே ‘மதர்போர்டு’ என்று எழுதியிருந்தார். அடிப்பதற்கும் ஸ்கேல் வைத்திருந்தார்.

லேப்டாப்பைச் சொருகி, அந்த ஏழில் ஒன்று நிறுவலின்போது எழுதிவைத்த பதிவைத் திறந்தேன். கார்டின் பெயரில் மூன்று இருந்தது. இந்த ஏழு சர்வரிலும் இரண்டாம் ஸ்லாட்டில் ஏதோ டிஸ்க் கார்டைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், நெட்வொர்க் கார்டு மூன்றுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. என் ஸ்கிரிப்ட் இரண்டைத் தேடி, காணாமல், பட்டியலில் முதலில் இருந்ததை எடுத்தது. அது மதர்போர்டின் போர்ட். அதில் வயரே இல்லை, அதனால் சிவப்பாகி நின்றுவிட்டது. மாப்பிள்ளை வயரை அங்கே மாற்றியதும் பச்சையானது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இந்த போர்ட்ல வயர் இல்லன்னு திரையில வந்துச்சு. ஸ்கிரிப்ட் நீங்க எழுதினது, அதுல தப்பு இருக்காதுல்ல. படத்த நான்தான் ஒழுங்கா புரிஞ்சுக்கலன்னு நெனச்சேன் மச்சான்.”

“ஏழு தடவையுமா?”

“மொத தடவ சந்தேகமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு.”

குத்திக்காட்டுகிற தொனி அதில் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், திருப்பிக் கொடுத்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சொந்தக் கண்ணால் பார்த்ததை நம்பாமல் இருக்க ஒரு மனிதரை நான் பல வருடம் பழக்கியிருக்கிறேன்.

இருக்கைக்கு வந்து காரணம் எழுத உட்கார்ந்தேன். ஒரு வாக்கியம் தயாராகவே இருந்தது: யாரிடமும் கேட்காமல் வயரை மாற்றினார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு நடந்ததை எழுதினேன், பட்டியலில் முதலில் இருப்பதை எடு என்ற வரியோடு சேர்த்து.

மேலாளர் இரண்டு முறை படித்தார். இருந்தாலும் அவர் உங்களைக் கேட்டிருக்கலாமே என்றார்.

“கேக்கற மாதிரி நான் வெச்சுக்கல மேடம்” என்றேன்.

இருநூறு சர்வருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளையின் நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்து அனுப்பினார்.

சர்வர் அறைக்குத் திரும்பி, பெயரைத் தேடும் வரியைத் தூக்கிவிட்டு, எந்த போர்ட்டில் வயர் உயிரோடு இருக்கிறதோ அதை எடு என்று ஸ்கிரிப்டை மாற்றினேன். மாப்பிள்ளை ஏழு வயரையும் பழையபடி கார்டுக்கு மாற்றினார். ஏழையும் மறுபடி நிறுவினோம். எல்லாம் ஒரே மூச்சில் பச்சையானதும் கடிதத்தை நீட்டினேன்.

“நிரந்தரம் ஆயிடுச்சு மாப்ள. தப்பு என்னோடது. மேடம்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அவர் கடிதத்தைப் பிரிக்கவில்லை. மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அப்ப நான் மொதல்ல சொருகினது சரிதானா?”

“சரிதான்.”

“ஏழுமா?”

“ஏழும்தான்.”

அவர் ரேக்கின் பின்பக்கம் போனார். ஒவ்வொரு சர்வராக நின்று, வயர் போய் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தார். நான்காவதில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழாவதுக்கு வர அவருக்கு வெகுநேரம் ஆனது.