டெல்மர் எந்தப் பக்கம்

பக்கத்துக்கு ஒரு ஜோடியாக, நாலு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் சதுர ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டும். எங்கள் ஓரிகான் மலையூர் மன்றத்துக்கு வியாழன்தோறும் வருவதே எட்டுப் பேர்தான். ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் ஆட்டம் இல்லை. ஆடத் தெரியாததால் மைக்கைப் பிடித்து அடவு சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கும் பிழைப்பு இல்லை.

எட்டில் ஆண்கள் மூவர். இத்தனை காலமும் ஆண் இடத்தில் நின்ற பெண், கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஆடினாள். போன வாரம் ஓட்டெடுத்தோம்: இனி டை வேண்டாம். ஆண், பெண் என்று கூப்பிடுவதற்குப் பதிலாகப் பறவைப் பெயர்கள்: ஜோடியில் ஆண் இடமான இடப்பக்கம் நிற்பவர் வானம்பாடி, பெண் இடமான வலப்பக்கம் நிற்பவர் ராபின். யார் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு டெல்மருடையது.

"என்னைப் பறவைன்னு கூப்பிட்ட அன்னிக்கே வீட்டுக்குக் கெளம்பிடுவேன்" என்றான்.

வாரம் முழுக்க அடுப்படி மேசையில் உருளைக்கிழங்குகளை ஜோடி சேர்த்து, புதுப் பெயர்களைச் சொல்லிப் பழகினேன். "கெழங்கு கோச்சுக்காது. டெல்மர் கோச்சுப்பான்" என்றாள் என் மனைவி கோனி.

வியாழனன்று கடைசியாக வந்த இருவர் ஜோடியானார்கள்: டெல்மரும், இதுவரை டை கட்டி ஆடிய லாரி ஓட்டுநர் பெர்னிஸும். அவள் எப்போதும் நிற்கும் இடப்பக்கத்திலேயே போய் நின்றாள்.

"அந்தப் பக்கம் நின்னா எனக்குக் காலே ஓடாது. நீ தள்ளு" என்றாள்.

டெல்மர் முனகிக்கொண்டே வலப்பக்கம் போனான். அதைப் பார்த்த பதற்றத்தில் என் வாய் பழைய தடத்தில் ஓடிவிட்டது: "பெண்கள் நாலு பேரும் நடுவுக்கு."

கழுத்தில் டை இல்லாத பெர்னிஸும் சேர்ந்து ஐந்து பெண்கள் பாய்ந்தார்கள். தோளும் தோளும் இடித்தன. டெல்மர் ஒரு கால் முன்னே வைத்தான், பின்னே இழுத்தான். ஆட்டம் உடைந்தால் அவரவர் இடத்துக்குத் திரும்புவது வழக்கம். எல்லோரும் திரும்பினார்கள். அவன் மட்டும் நேராக என்னிடம் வந்தான். அவனுடைய கோட்டு எனக்குப் பின்னால்தான் தொங்கியது. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"யோவ், நான் பொம்பளையா?"

"இல்ல டெல்மர்."

"ஆம்பளை எடத்துல நின்னா பெர்னிஸ் மிதிப்பா. அப்ப நான் எங்கதான்யா போறது? ஒழுங்கா ராபின்னு கூப்பிட்டுத் தொலை. இதை வெளிய சொல்லிடாத."

மைக் அவன் மூக்குக்கு நேரே இருந்தது.

"எங்களுக்கும் கேட்டுச்சு" என்றாள் பெர்னிஸ்.

மன்றமே சிரித்தது. கொஞ்சம் தாமதமாக அவனும் சிரித்தான். இசைத்தட்டை முதலிலிருந்து போட்டு, "ராபின்கள் நடுவுக்கு" என்றேன். எல்லோருக்கும் முன்னால் டெல்மரின் தொப்பை போய்ச் சேர்ந்தது.